அம்மை எழும்பல

மழை விட்ட பிறகுதான் குளிர் இறங்கியது. புயல் கரையேறிப் போய், செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம். கரண்ட் இன்னும் வரவில்லை. சேரப்பணஞ்சேரிக்கு உள்ளே, ஏரிக்கரையை ஒட்டி, ஏதோ ஒரு கம்பெனி என்றைக்கோ வாங்கிப் போட்டு இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத இடம் ஒன்று இருக்கிறது. நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த நிலம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். ஆளுயரத்துக்கு மேல் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடக்கும். உள்ளே போன மாட்டை மணிச்சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும். சாலைப் பக்கம் மதில் சுவரும் பூட்டிய கேட்டும், மற்ற மூன்று பக்கம் கம்பி வேலி. ஏரிப் பக்கக் கோடியில் இரும்புக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதைத் திருட ஆள் வருகிறது என்று, அங்கேயே ஹாலோபிளாக் கல் வைத்துத் தகரம் போட்டு ஓர் அறை கட்டி, அதில் ஒரு வாட்ச்மேனைக் குடும்பத்தோடு வைத்திருந்தார்கள்.

வாட்ச்மேன் பெயர் நயினார். தெற்கே பணகுடிப் பக்கத்துக்காரர். ஊரில் செங்கல் சூளை வேலை படுத்துப்போன பிறகு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி வழியாக இங்கே வந்தவர். மனைவி மாரிசெல்வி. மகள் உலகம்மாள் பஞ்சாயத்துப் பள்ளியில் ஐந்தாவது படித்தாள். அவள் பெயரைக் கேட்டு முதல் நாளே வகுப்பில் சிரித்தார்கள். அவள் பேசுவதைக் கேட்டு அதற்கு மேல் சிரித்தார்கள். அதனால் பள்ளியில் அவள் அதிகம் பேசமாட்டாள். மாரிசெல்விக்கு ரொம்ப வருஷம் கழித்து இப்போதுதான் இரண்டாவது பிள்ளை, ஆண்பிள்ளை. பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. பெயர் வைக்கவில்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. வல்லம் பக்கத்தில் ஒரு கம்பெனி கேட்டில் ராத்திரி ஆள், புயலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. நயினார் போய் நிற்க வேண்டும்.

"நான் போவலன்னு சொல்லிரவா?" என்று மனைவியைக் கேட்டார்.

"எதுக்கு. போயிட்டு வாங்க. அங்கன ஜெனரேட்டர் இருக்கும்லா, போனுக்கு சார்ஜ் போட்டுட்டு வந்துருங்க. என் போனும் செத்துக் கெடக்கு."

"குளிருது. பச்சப்பிள்ளைய வச்சிட்டு இருக்க."

"ஜன்னலு மட்டும் ஏதாவது செய்ங்க. வாடக்காத்து உள்ள அடிக்கி. பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சுன்னா என்ன செய்ய."

ஜன்னலுக்குக் கதவு கிடையாது, கம்பி மட்டும்தான். காற்றில் சாய்ந்து கிடந்த விளம்பர பேனர் ஒன்றை நயினார் அறுத்து வந்து நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கினார். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பழைய சிமெண்ட் பைகளைத் திணித்தார். கதவுக்கு அடியில் ஒரு சாக்கைச் சுருட்டி வைக்கச் சொன்னார்.

"இனி ஒரு காத்து வராது" என்றார்.

பெயிண்ட் டப்பா ஒன்றில் துளை போட்டுக் கணப்புச் சட்டி மாதிரி செய்திருந்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டுவதற்கு. வேலிக்காத்தான் கரி அங்கே சும்மாவே கிடைக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்தபின் மாரிசெல்வி அன்றைக்கு அதை அணைக்கவில்லை. இன்னும் இரண்டு கை கரி அள்ளிப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள். ரசம் சோறும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டார்கள். கரி சிவப்பாக, புகையே இல்லாமல் கனன்றது. அறை கதகதப்பாக இருந்தது. உலகம்மாள் கதவோரம் பாய் விரித்துப் படுத்தாள். நல்லாயிருக்கு என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

விழித்தபோது விடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை. தலைக்குள் யாரோ ஈரச் சாக்கைத் திணித்து வைத்த மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள், பாயிலேயே வாந்தி எடுத்தாள். அம்மை திட்டுவாள் என்று முதலில் தோன்றியது. துடைக்கத் துணி தேடினாள். எதற்குத் துணி தேடுகிறோம் என்பது நடுவில் மறந்துவிட்டது. கதவுக்கு அடியில் வைத்த சாக்கு விலகி, அந்தச் சந்து வழியாகக் கொஞ்சம் வெளுப்பு உள்ளே வந்துகொண்டிருந்தது.

"எம்மா."

கட்டில் பக்கம் திரும்பினாள்.

"எம்மா, நான் கக்கிட்டேன்."

மாரிசெல்வி மடக்குக் கட்டிலில் மல்லாந்து, வாயைத் திறந்தபடி கிடந்தாள். அவள் அப்படித் தூங்கி உலகம்மாள் பார்த்ததில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஒரு சின்ன முனகலுக்கே எழுந்துவிடுவாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கம் சரிந்தது, அப்படியே நின்றது. பிள்ளையைத் தொட்டாள். இந்நேரத்துக்குப் பாலுக்கு அழுது ஊரைக் கூட்டியிருக்க வேண்டியவன். கையைத் தூக்கி விட்டால் கை விழுந்தது.

இது கனவு என்று ஒரு நிமிஷம் உறுதியாக நம்பினாள். கனவென்றால் திரும்பப் படுத்துக்கொள்ளலாம். படுக்க ஆசையாகவும் இருந்தது. பாய் வரைக்கும் போய்விட்டாள். வாந்தி கிடந்ததால் படுக்க முடியவில்லை. அங்கேயே நின்றாள். நின்றபோது பயம் வந்தது.

அப்பாவின் பழைய காக்கி ஸ்வெட்டர் ஆணியில் தொங்கியது. அதில் தம்பியைச் சுற்றினாள். தனியே விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்தாள். குழாய் அடுக்கின் கீழ் நாய்கள் படுக்கும், கதவுக்கு உள்தாழ்ப்பாள்தான் உண்டு, வெளியே பூட்ட முடியாது. தூக்கிக்கொண்டாள். தாழ்ப்பாளை நீக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. தம்பியைத் தரையில் வைத்து, நீக்கி, மறுபடி தூக்கினாள். படி இறங்கும்போது முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கதவு அகலத் திறந்து கிடந்தது. சாத்தவேண்டும் என்று நினைத்தாள், எழுந்து திரும்பினால் மறுபடி விழுந்துவிடுவோம் என்று போய்விட்டாள்.

வெளியே எதுவுமே இல்லை. குழாய் அடுக்கு இல்லை, புளியமரம் இல்லை, ஏரிக்கரை இல்லை. பால் மாதிரி மூடியிருந்தது பனி. தன் கால் மட்டும் தெரிந்தது. குளிர் மூக்கில் ஏறியதும் கொஞ்சம் தலை தெளிந்த மாதிரி இருந்தது, உடனே திரும்பவும் மங்கியது.

பள்ளிக்கூடம் போகிற வழி அவளுக்குத் தெரியும். கம்பி வேலியில் மாடு நுழைகிற சந்து வழியாகப் போய், கால்வாய்ப் பள்ளத்தைத் தாண்டினால் தார்ச்சாலை. ஆனால் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. ரெண்டு மூணு நாளாக அப்பா தோளில் தூக்கித்தான் தாண்டி விட்டிருந்தார். வேறு வழி வேலிக்காத்தான் காட்டுக்குள்ளே புகுந்து, மேட்டை ஒட்டிப் போய், மதில் சுவரைப் பிடித்துக்கொண்டே போனால் கேட் வரும். கேட்டின் கீழே குனிந்து போகலாம். அந்த வழியில் அவள் தனியே போனதில்லை. அங்கே பாம்பு உண்டு என்று அப்பா சொல்லியிருந்தார்.

காட்டுக்குள் போனாள்.

புதர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஆள் நிற்பது மாதிரி கறுப்பாக எழுந்து, பக்கத்தில் போனதும் புதராக மாறியது. கிளைகளிலிருந்து நீர் சொட்டியது. முகத்தில் கிளை அடிக்காமல் இருக்க முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நுழைந்தாள், தம்பிக்கு மேல் குனிந்தபடி. ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்துப் பார்த்துவிட்டு மற்றதையும் கழற்றிப் போட்டாள். எங்கே போகிறோம் என்று அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ரோட்டுக்குப் போறேன். ரோட்டுல ஆள் இருக்கும். அம்மை எழும்பலன்னு சொல்லணும். சொல்லிக்கொண்டே இருந்தும் நடுவில் விட்டுப்போனது. ஒரு தடவை, பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறோம், பையை மறந்துவிட்டோம் என்று நின்றாள்.

எங்கோ ஒரு கம்பெனி சங்கு ஊதியது. அது சாலைப் பக்கத்திலிருந்து வரவேண்டும். ஆனால் பனியில் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. சத்தம் வந்த பக்கம் என்று நினைத்துத் திரும்பி நடந்தாள். கையில் சுவர் தட்டியது. சந்தோஷமாகிவிட்டது. வலது தோளைச் சுவரில் உரசிக்கொண்டே வெகுதூரம் போனாள். சுவர் முடிந்து கம்பி வேலி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீரின் சலசலப்பு. ஏரி. கேட்டுக்கு எதிர்த்திசையில் வந்திருக்கிறாள்.

அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. உட்கார்ந்தால் சுகமாக இருந்தது, கண் சொருகியது. அப்போது மடியில் ஏதோ அசைந்தது. முதலில் தன் வயிறுதான் புரட்டுகிறது என்று நினைத்தாள். ஸ்வெட்டரைப் பிரித்தாள். தம்பி முகத்தைச் சுளித்து ஒரு தும்மல் போட்டான். பிறகு இன்னொன்று. அழ முயன்றான், பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது.

"ஏ தம்பி" என்றாள். "ஏ தம்பி, அழு. நல்லா அழு."

அவன் அழவில்லை. ஆனால் வாய் பால் தேடிச் சப்பிக்கொண்டிருந்தது. தன் சுண்டுவிரலை அவன் வாயில் வைத்தாள். அவன் சப்பினான். விரலை எடுக்காமலேயே, ஒரு கையால் அணைத்துக்கொண்டு எழுந்தாள். இப்போது இடது தோள் சுவரில் உரசியது.

பாதி வழியில் நாய்கள் வந்தன. உருமல்தான் முதலில் கேட்டது, பிறகு சாம்பல் நிறத்தில் மூன்றோ நான்கோ. கல் எடுக்கக் குனிய வேண்டும், குனிந்தால் தம்பி நழுவுவான். ஓடினால் துரத்தும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். அவை கூடவே வந்தன. ஒன்று அவள் பாவாடை ஓரத்தைக் கவ்வி விட்டது. "போ" என்று சொன்னாள், குரல் எழும்பவில்லை. நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தாள். கேட் இரும்பு முதுகில் பட்டது. அடியில் இருந்த சந்தில் முதலில் தம்பியை வெளியே தள்ளினாள், பிறகு தான் படுத்து உருண்டு வெளியே வந்தாள். நாய்கள் உள்ளேயே நின்று குரைத்தன.

சாலையில் மஞ்சளாக இரண்டு வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. அது ஒரு கம்பெனி பஸ். ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு குன்றத்தூரிலிருந்து வந்தது. சாலை தெரியாததால் டிரைவர் பரசுராமன் வளைவில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்குள் ஒரு சிறுமி வந்து நின்றதும் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"யாரும்மா அது? வண்டிக்கு முன்னாடி வந்து நிக்கிறே. கையில இன்னா?"

"தம்பி."

"வூடு எங்க?"

உலகம்மாள் பின்னால் கை காட்டினாள். கை காட்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது.

"இன்னா ஆச்சு, சொல்லு கண்ணு."

"எங்க அம்மை எழும்ப மாட்டேங்கா."

"அம்மையா?" பரசுராமன் ஒரு அடி பின்னால் போனார். "யாருக்கு?"

"எங்க அம்மை."

முன் சீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "வூட்ல அம்மை போட்டுகீதாம்ணே. கொழந்தைக்குந்தான் வந்துருக்கும். பஸ்ல ஏத்தாத, எங்க வூட்ல சின்னக் கொழந்த கீது."

"இந்தக் குளிர்லயா அம்மை வரும்?" என்று இன்னொருவர் கேட்டார்.

"ஏன் வராது. புயலுக்கு அப்பால எல்லாம் வரும்."

பரசுராமன் குரலைத் தணித்துக்கொண்டார். "பாப்பா, அம்மை வந்தா பயப்படக் கூடாது. வேப்பில வெச்சிப் படுக்க வெச்சிருப்பாங்க. அவங்களா எந்திரிப்பாங்க. எழுப்பக் கூடாது, புரியுதா? ஒங்கப்பா எங்க?"

உலகம்மாளுக்குப் புரியவில்லை. எங்கள் அம்மையைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும்? வேப்பிலை எதற்கு?

"எழுப்பக் கூடாதா?" என்று கேட்டாள்.

"எழுப்பவே கூடாது. நீ வூட்டுக்குப் போ. கொழந்தைய இந்தப் பனில ஏன் தூக்கிகினு வந்தே?"

பெரியவர் சொல்கிறார். பஸ்ஸில் எல்லோரும் அதையே சொல்லித் தலையாட்டுகிறார்கள். தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டு வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. திரும்பினாள். இரண்டு எட்டு வைத்த பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"வாயத் தொறந்துட்டுக் கெடக்கா. தலையப் பிடிச்சா தலை நிக்கல."

பஸ்ஸின் கடைசி சீட்டில் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு தூங்கிய இசக்கிபாண்டி அப்போதுதான் விழித்தான். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறவன். வண்டி ஏன் நிற்கிறது என்று பார்க்க இறங்கியவன் காதில் அந்தக் கடைசி வார்த்தை விழுந்தது.

"யாரு தலை நிக்கல?"

"அந்தப் பொண்ணு வூட்ல அம்மையாம்பா" என்றார் பரசுராமன்.

"அவ என்ன சொன்னா, சொன்னபடி சொல்லுங்கண்ணே."

"எங்க அம்மை எழும்ப மாட்டேங்கான்னா."

இசக்கிபாண்டி ஓடிப்போய் உலகம்மாள் முன்னால் குத்தவைத்தான். "ஏ பிள்ள, ஒனக்கு எந்த ஊரு?"

"பணகுடி."

"நான் வள்ளியூரு. பயப்படாத, கேட்டியா. அம்மைக்கு என்ன செஞ்சு?"

"தெரியல. கூப்புட்டேன், உலுக்குனேன். எழும்பல. தம்பியும் அழல. இப்பந்தான் தும்முனான்."

அவன் எழுந்து திரும்பினான். "அண்ணே, இவ நோயச் சொல்லல. இவ அம்மாவச் சொல்லுதா. எங்க ஊர்ல அம்மைன்னா அம்மா. இவ அம்மா மயங்கிக் கெடக்கா."

 எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பாம்பாக இருக்கும் என்றார் ஒருவர். கேஸ் லீக் என்றார் இன்னொருவர். நூற்றெட்டுக்குப் போன் செய்துவிட்டு நாம் கிளம்பலாம், நாம போகாட்டி கம்பெனியில லைன் நின்றுவிடும், சூப்பர்வைசர் வெச்சு வாங்குவான் என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்தப் பனில நூத்தெட்டு எப்ப வந்து சேர்றது" என்றார் பரசுராமன். "லைன் நின்னா நிக்கட்டும். வண்டி இங்கியேதான் நிக்கும். போறவன் நடந்து போ."

அதற்குள் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கப் போகிற அம்சவல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியிருந்தாள். பக்கத்து ஊர்க்காரி. சிறுமியின் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது வாட்ச்மேன் பொண்ணு இல்ல? எங்க மாட்டப் புடிச்சிக் கட்டி வெச்சானே, அந்தாளு பொண்ணு."

"தெரியுமா அக்கா?" என்றான் இசக்கிபாண்டி.

"தெரியாம இன்னா. போன வாரம்கூட எங்க வூட்டுக்காரருகிட்ட மல்லுக்கு நின்னான், உள்ள மாடு வரக் கூடாதுன்னு. அது எங்க நெலம்டா ஒரு காலத்துல." சொல்லிக்கொண்டே கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். "வாங்க ரெண்டு மூணு பேரு. எனக்கு எடம் தெரியும்."

பரசுராமன் கையை நீட்டினார். "கொழந்தைய என்கிட்ட குடு பாப்பா."

உலகம்மாள் கொடுக்கவில்லை.

"எனக்கு ரெண்டு பேரப்புள்ளைங்க கீது. இஞ்சின் மூடி மேல சூடா இருக்கும், அங்க வெச்சிப் பாத்துக்கறேன். நீ இதத் தூக்கிகினு திரும்பப் போவ முடியாது."

அவள் இசக்கிபாண்டியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். கொடுத்தாள். விரல் வெளியே வந்ததும் தம்பி அழுதான், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. கிளம்பலாம் என்று சொன்ன அதே குரல்காரன் தன் சால்வையை எடுத்து முன்னால் நீட்டினான்.

நாய்களைக் கல்லெறிந்து விரட்டிவிட்டு, கேட்டை ஏறிக் குதித்து நால்வர் போனார்கள், உலகம்மாளையும் சேர்த்து. பஸ்ஸில் உட்கார் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. ஆனால் உள்ளே போனதும் எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்சவல்லி கண்ணால் தேடவில்லை. காலால் தடவித் தடவிப் போனாள். "இது கெணத்து மேடு. பாத்து வாங்க, கைப்பிடிச் சுவரு கெடையாது… இங்க வரப்பு எறங்கும்… இதுக்கு அப்பால எங்க மாமியாரு கத்திரி போட்டிருந்தாங்க" என்று பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டே போனாள். பேச்சு நின்றால் மற்றவர்கள் தவறிவிடுவார்கள்.

கதவு திறந்தபடியே இருந்தது. அறைக்குள்ளும் பனி புகுந்திருந்தது. மாரிசெல்வி அப்படியே கிடந்தாள். இசக்கிபாண்டி மூக்கில் கை வைத்தான்.

"மூச்சு இருக்கு."

குறட்டை மாதிரி விட்டு விட்டு வந்தது. அம்சவல்லி கன்னத்தில் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள். கண் திறக்கவில்லை. கூட வந்த இன்னொருவன் அவள் காலில் பாம்புக் கடி தேடினான். அம்சவல்லி சிலிண்டரை முகர்ந்து பார்த்தாள். கரிச்சட்டியில் சாம்பல்தான் இருந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கட்டிலோடு தூக்கினார்கள். வழி முழுக்க உலகம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் தூக்கவில்லை, பிடித்திருந்தாள், அவ்வளவுதான். பூட்டிய கேட்டுக்கு மேலாகக் கட்டிலை பஸ் ஆட்கள் கைமாற்றி வாங்கி இறக்கினார்கள்.

கம்பெனி பஸ் நேராக அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. யூனிபார்ம் போட்ட அத்தனை பேரும் இறங்கி நின்றதைப் பார்த்து, ஃபேக்டரியில் விபத்து என்றுதான் முதலில் நினைத்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் உலகம்மாளிடம் கேட்டார்.

"ராத்திரி ரூம்ல ஏதாவது எரிஞ்சுதாம்மா?"

"கரி."

"ஜன்னல்?"

"அப்பா அடைச்சுட்டாரு."

டாக்டர் பேனாவை மூடினார். கரிப்புகை, கண்ணுக்குத் தெரியாத புகை என்றார்.  கதவு மட்டும் திறக்காமல் இருந்திருந்தால் என்று தொடங்கி, சிறுமி நிற்பதைப் பார்த்து முடிக்காமல் விட்டார். அவளுக்கும் கொஞ்ச நேரம் மாஸ்க் வைத்தார்கள்.

நயினார் வந்தபோது பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காவல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றார். அம்சவல்லி உலகம்மாளோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லன்ட்டாங்க" என்றாள் அவள். "கொழந்த பால் குடிக்குது. உள்ள போய்ப் பாரு."

அவர் உள்ளே போகவில்லை. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கதவு எப்படித் தொறந்துச்சு உலகு?"

"நான் தொறந்தேன்."

"எதுக்குத் தொறந்த? புகைன்னு தெரிஞ்சுதா?"

"இல்ல. வெளிய போவ."

"சாத்தலையா?"

"சாத்தல. சாத்தணும்னு நெனச்சேன்." அதற்காகத் திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் இன்னும் ஏதோ கேட்கப் போய், "நான்லா ஆணி அடிச்சேன்" என்று மட்டும் சொன்னார். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். அவளால் முடியவில்லை. நாய் வந்தது முதலிலா, ஏரி முதலிலா, பஸ்ஸிலிருந்தவர்கள் ஏன் எழுப்பக் கூடாது என்றார்கள், எல்லாம் கலைந்து கிடந்தது.

மாரிசெல்வி பிற்பகலில் கண் திறந்தாள். நயினாரைப் பார்த்து, சூளைக்கு லாரி வந்துட்டா என்று கேட்டாள். உலகம்மாள் கட்டிலருகே போய் நின்றாள். மாரிசெல்வி வெகுநேரம் அவளையே பார்த்தாள்.

"சந்திரா, நீ எப்பம் வந்த?"

சந்திரலேகா மாரிசெல்வியின் தங்கை. வள்ளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது.

"நான் உலகு."

"சரி, இரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து மறுபடி, சந்திரா, தண்ணி கொண்டா என்றாள். உலகம்மாள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றாள். நர்ஸ் சசிரேகா கடந்து போகிறவள் நின்றாள்.

"இன்னா பாப்பா?"

"அம்மைக்கு என்னத் தெரியல."

"புகை மூளைக்கு ஏறினா அப்படித்தான் இருக்கும். தெளிய ரெண்டு மூணு நாளாவும்."

"தெளியுமா?"

"பெரும்பாலும் தெளிஞ்சிடும்" என்றாள் சசிரேகா. பெரும்பாலும் என்றால் என்ன என்று உலகம்மாள் கேட்கவில்லை. அன்றைக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளை மெச்சினார்கள். இசக்கிபாண்டி ஷிப்ட் முடிந்து பரோட்டா வாங்கி வந்தான். என்ன தைரியம் பாரு என்று அவள் தலையைத் தடவினார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வழி தவறியது, உட்கார்ந்துவிட்டது, திரும்பிப் போகப் பார்த்தது, அதெல்லாம்தான் நினைவிலிருந்தது.

மறுநாள் காலையில் நயினார் தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். உலகம்மாள் வெளியே போய்த் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு வந்தாள். மாரிசெல்வி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் மகள் நடந்து வருவதைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஏன் ஒரு மாதிரி நடக்க?"

உலகம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள். 

"காலக் காட்டு. இங்கன ஏறி உக்காரு."

இடது பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. டாக்டரோ நர்ஸோ அப்பாவோ அதைப் பார்க்கவில்லை. அவளுமே நேற்றிலிருந்து உடம்பெல்லாம் வலிக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். மாரிசெல்வி பிள்ளையை ஒதுக்கிப் படுக்கவைத்துவிட்டு, பாதத்தை மடியில் தூக்கி வைத்து, எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

"ஒடமுள்ளுலா ஏறியிருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு. எங்க போயி மிதிச்ச?"

"காட்டுல."

தாலிக் கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்து முனையைப் புடவையில் துடைத்தாள். குனிந்து தோண்ட ஆரம்பித்தாள். 

"செருப்பு இல்லாமயா? இந்தக் குளிருல ஒன்ன யாரு காட்டுக்குள்ள போவச் சொன்னா? ஒங்க அப்பாவா?"

"இல்ல."

"பின்ன யாரு? நானா சொன்னேன்?"

உலகம்மாள் யோசித்துப் பார்த்தாள்.

"யாரும் சொல்லலம்மா."

"யாரும் சொல்லாம போவாளாம். கோட்டிக்காரி. ஏ உலகு, ஆட்டாத."

பெயரைக் கேட்டதும் உலகம்மாளுக்கு உதடு கோணியது. காட்டிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் வராத அழுகை, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி வந்தது.

"வலிக்கா?"

"ம்."

"இந்தா, வந்துட்டு" என்று மாரிசெல்வி முள்ளை நகக்கண்ணில் வைத்துக் காட்டினாள். பிறகு இரண்டாவதைத் தேடிக் குனிந்தாள்.